சிறிய பட்டறைக்குக் குறைந்த செலவில் ஹீட்டர் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஹீட்டர் வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வகை நல்லது?" என்றுதான். அதற்கான விடை இந்த வழிகாட்டியில் ஏழாவது படியில் வருகிறது. அதற்கு முந்தைய ஆறு படிகளை முடிக்காமல் வாங்கியவர்களில் பலர் ஒரே குளிர்காலத்தில் இரண்டாவது ஹீட்டரும் வாங்குகிறார்கள். தேவையான வெப்பத்தைக் குறைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் ஹீட்டர் வாங்குவதுதான் சிக்கனம்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, இரண்டு சாதாரண வெப்பமானிகள், ஒரு ஊதுபத்தி, கால்குலேட்டர், கடைசி மின்கட்டண ரசீது.

1. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்

உட்கார்ந்து செய்யும் நுணுக்க வேலைக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். நின்றும் நடந்தும் செய்யும் வேலைக்கு 15, 16 போதும். தூக்குவது, இழுப்பது, இழைப்பது என்று உடல் உழைக்கும் இடத்தில் 13 டிகிரியே சரியாக இருக்கும். வீட்டு அறைபோல 22 டிகிரிக்குத் திட்டமிடுவது வீண் செலவு. வெளியே 5 டிகிரி என்றால், 17-க்கும் 22-க்கும் இடையே வெப்பத் தேவை நாற்பது சதவீதம் கூடிவிடும்.

ஆளுக்கு எத்தனை டிகிரி என்பதோடு, பொருளுக்கு எத்தனை டிகிரி என்பதையும் பாருங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசை வகைகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. காய்ந்த இடம் சுண்ணாம்புபோல வெளுத்துப் பிடிப்பை இழந்துவிடும். எபாக்ஸிப் பசை இறுகும் நேரம் ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதில் காற்றின் வெப்பத்தைவிட மரத்தின், உலோகத்தின் வெப்பமே முக்கியம். காலையில் ஹீட்டரைப் போட்டு அரை மணியில் பசை தடவினால், காற்று 16 டிகிரியில் இருந்தாலும் பலகை 7 டிகிரியில் இருக்கக்கூடும்.

ஒரே ஆள், ஒரே மேசை, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் அறை முழுவதையும் சூடாக்கவே தேவையில்லை. ஆளைச் சூடாக்கினால் போதும். அப்படிப்பட்டவர்கள் 3-ஆம் படியின் கணக்கைத் தாண்டி நேராக 4-க்குப் போகலாம்.

2. கசிவை அடைத்துவிடுங்கள்

காற்று வீசும் நாளில் கதவு, ஷட்டர், ஜன்னல் ஓரங்களில் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே குளிர் நுழைகிறது, அல்லது சூடு வெளியேறுகிறது. பெயின்ட், தின்னர் டப்பாக்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

அடைக்கும் வரிசை முக்கியம். முதலில் கூரைக்கும் சுவருக்கும் இடையிலான சந்து. சூடான காற்று மேலே போவதால் அங்கேதான் அதிகம் இழக்கிறோம். அடுத்து ஷட்டரின் அடிப்பகுதி, அதற்கு ரப்பர் பட்டை. பிறகு பக்கவாட்டுக் கதவுகள், கடைசியாக ஜன்னல்கள். பலர் ஜன்னலில் தொடங்கி ஜன்னலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தகரக் கூரை என்றால் அதன் கீழே 50 மி.மீ. தெர்மோகோல் அல்லது கண்ணாடிக் கம்பளி வைத்து உள்கூரை அமைப்பது, எந்த ஹீட்டரையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். தெர்மோகோலை மட்டும் திறந்த நிலையில் விடாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகையும் நச்சு. ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தில் இதில் சமரசமே கூடாது.

மரத்தூள் உறிஞ்சும் இயந்திரம் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். மணிக்கு 1000 கன மீட்டர் இழுக்கும் இயந்திரம், 60 கன மீட்டர் பட்டறையின் காற்று முழுவதையும் நான்கு நிமிடத்துக்குள் மாற்றிவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் அது கிட்டத்தட்ட 5 கிலோவாட் வெப்பத்தை வெளியே கொட்டுவதற்குச் சமம். நுண்தூளைப் பிடிக்கும் நல்ல வடிகட்டி போட்டு காற்றை உள்ளேயே திருப்பிவிடலாம். வடிகட்டி நம்பகமாக இல்லையென்றால் வெளியேதான் விட வேண்டும். அப்போது தூள் எடுக்கும் வேலைகளை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எரிபொருள் எரியும் ஹீட்டர் எதுவும் உள்ளே இருந்தால், காற்றோட்டத்துக்கென்று விட்டிருக்கும் துவாரங்களை அடைக்கவே கூடாது.

3. வாட் கணக்கு

"இத்தனை சதுர அடிக்கு இத்தனை வாட்" என்று பெட்டியில் போட்டிருப்பது நன்கு அடைத்த வீட்டு அறைக்கானது. தகரக் கூரையும் ஷட்டரும் உள்ள இடத்துக்கு அது பொருந்தாது.

கணக்கு எளிது. ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அதன் கசிவு எண்ணால் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக வெளியேறும் வாட்) பெருக்கிக் கூட்டுங்கள்; கடைசியில் உள்-வெளி டிகிரி வித்தியாசத்தால் பெருக்குங்கள். தோராயமான எண்கள்:

- வெறும் தகரம்: 7
- ஷட்டர்: 6
- ஒற்றைக் கண்ணாடி: 5.7
- ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பூச்சுடன்: 2
- 50 மி.மீ. தெர்மோகோல் உள்கூரை: 0.6
- சிறிய அறையின் சிமென்ட் தரை: 0.8

காற்றுக்குத் தனிக்கணக்கு: அறையின் கன மீட்டர் × மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது × 0.33. சுமாராக அடைத்த இடத்துக்கு 1.5 முறை என்றும், நன்றாக அடைத்த இடத்துக்கு 0.75 என்றும் வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் வந்து போகும் முன்கடை என்றால் 3 முறைக்குக் குறையாமல் போடுங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு போகிறது.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு பட்டறையைப் பார்ப்போம். சுவர் 45 ச.மீ. × 2 = 90. ஷட்டர் 7.5 ச.மீ. × 6 = 45. ஜன்னல் 1.5 ச.மீ. × 5.7 = சுமார் 9. தகரக் கூரை 20 ச.மீ. × 7 = 140. தரை 20 ச.மீ. × 0.8 = 16. காற்று 60 × 1.5 × 0.33 = 30. மொத்தம் 330. வெளியே 5 டிகிரி, உள்ளே 17 வேண்டும் என்றால் வித்தியாசம் 12. ஆக 330 × 12 = ஏறக்குறைய 4000 வாட்.

இதே இடத்தில் உள்கூரை அமைத்தால் 140 என்பது 12 ஆகிவிடும். ஷட்டரின் உள்பக்கம் தடித்த திரையோ பலகையோ வைத்தால் 45 என்பது 15-க்கு இறங்கும். சந்துகளை அடைத்தால் காற்றின் 30 பாதியாகும். புதிய மொத்தம் 157, அதாவது 1900 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. தேவை பாதிக்கும் கீழே போய்விட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு யாரும் கூரையை விட்டுவிட்டு ஹீட்டரைத் தேடுவதில்லை.

காலையில் குளிர்ந்து கிடக்கும் அறையை ஏற்றுவதற்கு 20 சதவீதம் கூட்டுங்கள். 1900 என்பது 2300 ஆகும். வெளி வெப்பநிலைக்கு, வேலை நேரத்தில் வழக்கமாக இருக்கும் குளிரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் வரும் கடுங்குளிருக்காக ஹீட்டரைப் பெரிதாக வாங்க வேண்டாம்.

4. மின் இணைப்பு தாங்குமா

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 6.5 ஆம்பியர் இழுக்கும், 2000 வாட் 8.7, 3000 வாட் 13. 120 வோல்ட் உள்ள இடங்களில் 1500 வாட்டே 12.5 ஆம்பியர் ஆகிவிடும்.

மணிக்கணக்கில் ஓடும் சுமை, பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 16 ஆம்பியர் பிரேக்கரில் 12.8 வரைதான். 6 ஆம்பியர் விளக்கு சாக்கெட்டில் எந்த ஹீட்டரையும் செருகக் கூடாது. ஹீட்டர் இணைப்புக்குத் தாமிரக் கம்பி குறைந்தது 2.5 சதுர மி.மீ. இருக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து தூரம் அதிகமென்றால் 4 சதுர மி.மீ.

ரம்பம், கம்ப்ரசர் ஓடும் லைனில் ஹீட்டரை வைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஏற்கெனவே ஹீட்டர் நிரப்பி வைத்திருக்கும் லைனில் அது பிரேக்கரைத் தட்டிவிடும்.

வோல்டேஜ் குறையும் இடமா? ஹீட்டரின் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் ஹீட்டர், 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1500 வாட்தான் தரும். "புது ஹீட்டர் சூடே வரவில்லை" என்ற புகாரில் ஒரு பகுதி இதுதான்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். சுருட்டி வைத்த கம்பிச் சக்கரம் அதைவிட மோசம், சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகும். ஹீட்டர் நேராகச் சுவர் சாக்கெட்டில், எர்த் இணைப்போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்போடும் இருக்கட்டும். இவை இல்லையென்றால் ஹீட்டருக்கான பணத்தில் ஒரு பகுதியை முதலில் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள்.

5. உங்கள் வேலை எந்த ஹீட்டரை விலக்குகிறது

மரத்தூள் பறக்கும் இடத்தில் செந்தணலாய்த் தெரியும் திறந்த காயில் (கம்பிச்சுருள்) ஹீட்டர் கூடாது. மின்விசிறி வைத்த ஹீட்டரும் தூளை உள்ளே இழுத்துத் தீய்க்கும்.

ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், லாக்கர் அடிக்கும்போது அந்த அறையில் எந்த ஹீட்டரும் ஓடக் கூடாது. அடிப்பதற்கு முன்பே அறையைச் சூடாக்கி, அணைத்து, ஆறவிட்டு, பிறகு அடியுங்கள். ஆவி முழுவதும் வெளியேறும்வரை மீண்டும் போட வேண்டாம். பெட்ரோல் ஆவியும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு படரும். வண்டி நிற்கும் இடத்தில் தீப்பொறி வரக்கூடிய எதுவும் தரையிலிருந்து 45 செ.மீ.க்கு மேலே இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

குளோரின் கலந்த கிரீஸ் நீக்கி, பிரேக் கிளீனர் வகைகள் மிகச் சூடான பரப்பில் பட்டால் ஃபாஸ்ஜீன், ஹைட்ரஜன் குளோரைடு போன்ற கொடிய வாயுக்கள் உண்டாகும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். குளோரின் சேர்மம் இருந்தால் அதை ஹீட்டர் உள்ள இடத்தில் பயன்படுத்தாதீர்கள்.

இரும்பு இயந்திரங்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரில் 1 கிலோ வாயு எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வரும். மண்ணெண்ணெய் 1 லிட்டருக்கு சுமார் 1.1 லிட்டர். அது குளிர்ந்த ரம்ப மேசையிலும் உளிகளிலும் படிந்து துருவாகும். எண்ணெய் பூசி வைத்தும் துரு வருகிறது என்றால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

6. ஓட்டும் செலவு

மின்சாரத்தால் கம்பிச்சுருளைச் சூடாக்கும் எல்லா ஹீட்டரும் ஒன்றுதான். 1500 வாட் ஆயில் ஹீட்டரும் (உள்ளே எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர்) 1500 வாட் ஃபேன் ஹீட்டரும் ஒரு மணிக்கு 1.5 யூனிட் இழுத்து ஒரே அளவு வெப்பத்தைத் தரும். "பாதி மின்சாரத்தில் இரட்டிப்புச் சூடு" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

எரிபொருள்களை ஒப்பிட, விலையை அது தரும் வெப்ப அளவால் (யூனிட் கணக்கில்) வகுக்க வேண்டும். மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 1. எரிவாயு கிலோவுக்கு சுமார் 12.8. மண்ணெண்ணெய் லிட்டருக்கு 9.6. புகையை வெளியே விடும் டீசல் ஹீட்டர் லிட்டருக்கு சுமார் 7.5. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 4, அதிலும் அடுப்பின் தரத்தைப் பொறுத்துப் பாதி முதல் முக்கால் பங்குதான் அறைக்குக் கிடைக்கும். சூடாக்கும் வசதியுள்ள ஏ.சி. ஒரு யூனிட்டுக்கு மிதமான குளிரில் 3.

உங்கள் ஊர் விலைகளை இந்த எண்களால் வகுத்து வரும் தொகையில் குறைந்தது எதுவோ அது மலிவு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காற்றோட்டத்தில் போகும் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய அறையில் அதுவே முழு லாபத்தையும் தின்றுவிடும்.

ஏற்கெனவே இருக்கும் ஏ.சி.யில் சூடாக்கும் முறை உண்டா என்று ரிமோட்டில் பாருங்கள். இருப்பதே தெரியாமல் ஹீட்டர் வாங்குகிறவர்கள் ஏராளம். தூசுள்ள இடத்தில் அதன் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

7. இப்போது வகை

ஒரு மேசை, கசிவு மிகுந்த இடம், குறைந்த நேரம்: அகச்சிவப்பு ஹீட்டர். காற்றைச் சூடாக்காமல் ஆளையும் பொருளையும் நேராகச் சூடாக்கும். 1000 முதல் 1500 வாட் போதும். போட்ட உடனே பலன் தெரியும், அணைத்த உடனே போய்விடும். தூசு அதிகமென்றால் ஒளிராத, மூடிய தகடு வகையைத் தேடுங்கள்.

நாள் முழுவதும் வேலை, அடைத்த அறை: ஆயில் ஹீட்டர். சூடேற அரை மணி ஆகும், ஆனால் மேற்பரப்பு செந்தணலாகாது, தூளை உறிஞ்சாது, சத்தமில்லை. மர வேலைக்காரர்களுக்கு மின்வகைகளில் இதையே முதலில் சொல்வேன்.

தூசில்லாத சிறு கடை, விரைவாகச் சூடு வேண்டும்: செராமிக் ஃபேன் ஹீட்டர். காற்றுவழி அடைபட்டால் அதன் செராமிக் கட்டை தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரணக் கம்பிச்சுருள் ஃபேன் ஹீட்டருக்கு அந்தக் குணம் இல்லை.

மின்சாரம் போதாத இடம்: புகைக்குழாய் வைத்த சிறு டீசல் ஹீட்டர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும் வகை மட்டும். அதை அணைக்கும்போது, அதன் விசிறியை ஓட்டும் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கக் கூடாது. சுவிட்சால் அணைத்தால் உள்விசிறி சில நிமிடம் ஓடி எரிகலனை ஆற்றும். பிடுங்கினால் உள்பாகங்கள் வெந்துபோகும்.

புகைக்குழாய் இல்லாத எரிவாயு, மண்ணெண்ணெய் ஹீட்டர்களைச் சிறிய மூடிய பட்டறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் நிரந்தரக் காற்றுத் துவாரம், ஆக்சிஜன் குறைந்தால் அணையும் பாதுகாப்பு, தனி மோனாக்சைடு அலாரம் மூன்றும் வேண்டும். எரிபொருள் எது எரிந்தாலும் அலாரம் இருந்தே ஆக வேண்டும். தூள் உறிஞ்சும் இயந்திரம் அறைக்காற்றை இழுக்கும்போது புகைக்குழாயிலிருந்து புகை திரும்பி உள்ளே வரக்கூடும்.

முந்தைய உதாரணப் பட்டறையின் 2300 வாட்டுக்கு ஒரே பெரிய ஹீட்டரைவிட, 1500 வாட் ஆயில் ஹீட்டர் ஒன்றும் மேசைக்கு மேல் 1000 வாட் அகச்சிவப்பு ஒன்றும் தனித்தனி லைனில் வைப்பது மேல். மிதமான நாளில் ஒன்றை மட்டும் ஓட்டலாம்.

8. கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியில் அச்சிட்டதை விட்டுவிட்டு, ஹீட்டரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட்டைப் படியுங்கள். உங்கள் நாட்டின் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும்.

சாய்த்துப் பாருங்கள், தானே அணைய வேண்டும். அதிகச் சூட்டில் துண்டிக்கும் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டை எட்டியதும் தானே நிறுத்தும் அமைப்பு) வேண்டும், குறைந்தது இரண்டு வாட் நிலைகளும் வேண்டும். கம்பி தடிமனாகவும் பிளக் மூன்று முனையோடும் இருக்கட்டும்.

வைஃபை, அலங்காரத் தீ விளக்கு இவற்றுக்குப் பணம் தராதீர்கள். ஆளில்லாத பட்டறையில் தூரத்திலிருந்து ஹீட்டரைப் போடுவது ஆபத்து, மேலே என்ன துணி விழுந்து கிடக்கிறது என்று தெரியாது.

9. வைப்பதும் முதல் நாளும்

எல்லாத் திசையிலும் 1 மீட்டர் இடைவெளி. ஆயில் ஹீட்டர் படுத்த நிலையில் வந்திருந்தால், நிமிர்த்தி ஒரு மணி நேரமாவது விட்டுப் பிறகு போடுங்கள். எண்ணெய் கீழே இறங்கி காயிலை மூட வேண்டும். முதல் ஓட்டத்தில் பூச்சு எரியும் வாடை வரும், கதவைத் திறந்து வைத்து ஓட்டுங்கள்.

அகச்சிவப்பு ஹீட்டரை 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்துங்கள். நேராகத் தலைக்கு மேல் வைத்தால் தலை சுடும், கால் விறைக்கும். சிமென்ட் தரையில் நிற்பவர் காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் ஒரு சில டிகிரி கூடியதுபோல உணர்வார்.

அரை மணி ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

10. சூடு போதவில்லை என்றால்

ஒரு வெப்பமானியை மேசை உயரத்திலும் இன்னொன்றைக் கூரைக்கருகிலும் மாட்டுங்கள். மேலே 5 டிகிரிக்கு மேல் அதிகமிருந்தால் சூடு அங்கே தேங்கியிருக்கிறது. சீலிங் ஃபேனை மிக மெதுவாக, முடிந்தால் எதிர்த்திசையில், ஓடவிடுங்கள்.

ஹீட்டர் அடிக்கடி தானே அணைகிறதா? அதன் தெர்மோஸ்டாட் தன் சூட்டையே அறையின் சூடாக எண்ணிக்கொள்கிறது. சுவர் மூலையிலிருந்தும் அலமாரிக்கு அடியிலிருந்தும் வெளியே இழுங்கள். அதன் பிறகும் அணைந்தால் ஹீட்டரின் மின்னோட்டத்தைத் தாங்கும் தனித் தெர்மோஸ்டாட் சாக்கெட் வாங்கி, அதன் உணரியை மேசையருகே வையுங்கள்.

காற்றுவழியில் தூசு சேர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, வாக்குவம் கிளீனரால் வெளியிலிருந்து உறிஞ்சுங்கள். கம்ப்ரசர் காற்றை முன்பக்கமாக அடித்தால் தூள் உள்ளே போய்க் காயிலில் ஒட்டும்.

பருவத்தின் முதல் நாளில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் உடனே ஹீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த காயிலுக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் காயில் போய்விட்டது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்து ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.